கையெழுத்து போட்டாச்சு... உரிமையும் போயாச்சா?

2003 மே 10. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் கட்டணம் வாங்கிக்கொண்டு நடத்தப்பட்ட ஒரு மோட்டார் விளையாட்டுத் தளம். ஏடிவி எனப்படும் நான்கு சக்கரக் கரடுமுரடு வண்டியை ஓட்ட, 14 வயது மகனை அப்பா அங்கே அழைத்து வருகிறார். உள்ளே விடும் முன் ஒரு படிவம் நீட்டுகிறார்கள். காயமோ மரணமோ எது நேர்ந்தாலும் நிர்வாகத்தின் மீது வழக்குத் தொடுக்க மாட்டோம், அவர்களுடைய கவனக்குறைவே காரணமாக இருந்தாலும் சரி என்பது அதன் சாரம். அப்பா கையெழுத்துப் போடுகிறார்.

அதற்குச் சுமார் ஒரு மாதம் முன்பு அதே தளத்தின் ஒரு மேட்டில் தாவப் போய் அந்தப் பையனுக்கு விலா எலும்பு முறிந்திருந்தது. தலையிலும் லேசான அடி. இம்முறை அதே மேட்டில் தாவும்போது வண்டி அவன் கைக்கு அடங்கவில்லை. தூக்கி எறியப்பட்டவன் எழுந்து கொஞ்ச தூரம் நடந்தான். அப்படியே சுருண்டு விழுந்து இறந்துபோனான். பெற்றோர் மணமுறிவு பெற்றவர்கள். மகன் அங்கே வண்டி ஓட்டுவது அம்மாவுக்குத் தெரியாது.

பையன் தரப்பில் நிர்வாகத்தின் மீது வழக்குத் தொடரப்பட்டது. 'அப்பா கையெழுத்துப் போட்டிருக்கிறாரே' என்று நிர்வாகம் படிவத்தைக் காட்டியது. விசாரணை நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டு வழக்கை அங்கேயே முடித்துவிட்டது. மேல்முறையீட்டில் அது புரண்டது. 2008 டிசம்பரில் ஃபுளோரிடா உச்ச நீதிமன்றம் இறுதியாகச் சொன்னது: லாப நோக்கில் நடத்தப்படும் இடத்தில், பிள்ளைக்கு அடிபடும் முன்பே பிள்ளையின் வழக்குரிமையை எழுதிக்கொடுக்கும் அதிகாரம் பெற்றோருக்கு இல்லை. கிர்ட்டன் – ஃபீல்ட்ஸ் வழக்கு என்று சட்டப் புத்தகங்களில் இடம்பெற்றிருக்கும் தீர்ப்பு இது.

நீதிபதிகள் சொன்ன காரணம் நம் ஊருக்கும் அப்படியே பொருந்தும். தளத்தைப் பராமரிப்பது, வண்டியைச் சோதிப்பது, ஊழியருக்குப் பயிற்சி கொடுப்பது, காப்பீடு எடுப்பது எல்லாம் நிர்வாகத்தின் கையில் இருக்கின்றன. சிறுவன் கையில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. ஒரு கையெழுத்தால் நிர்வாகம் பொறுப்பிலிருந்து தப்பிவிடலாம் என்றால், அது கவனமாக இருக்க வேண்டிய அவசியமே போய்விடும். ஆபத்தைத் தடுக்க வழியுள்ளவரின் தோளிலிருந்து சுமையை இறக்கி, எந்த வழியும் இல்லாத பிள்ளையின் தோளில் ஏற்றுவதாக ஆகிவிடும்.

கதை அத்தோடு முடியவில்லை. பொழுதுபோக்குத் தொழில் நடத்துவோர் சட்டமன்றத்தின் கதவைத் தட்டினார்கள். 2010-ல் ஃபுளோரிடா ஒரு திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. அந்த விளையாட்டோடு பிறந்த ஆபத்துகளுக்கு மட்டும் பெற்றோர் விலக்கு எழுதித் தரலாம். நிர்வாகத்தின் கவனக்குறைவுக்குத் தர முடியாது. படிவத்தில் இடம்பெற வேண்டிய எச்சரிக்கை வாசகம் என்ன என்பதையும் சட்டமே எழுதிவைத்தது. முழுக்கப் பெரிய எழுத்துகளில், படிவத்தின் மற்ற எழுத்துகளைவிடக் குறைந்தது 5 பாயின்ட் பெரிதாக அச்சிட வேண்டும். எவ்வளவு கவனமாக நடத்தினாலும் உங்கள் பிள்ளை படுகாயமடையவோ இறக்கவோ வாய்ப்பு உண்டு என்று அதில் நேராகவே சொல்ல வேண்டும்.

எனக்கு இந்தச் சட்டத்தில் பிடித்தது அந்த எழுத்தின் அளவுதான். பொடி எழுத்தில் ஒளித்துவைக்காதே, பெற்றவர் கண்ணில் படும்படி சொல் என்று ஓர் அரசு உத்தரவிட்டிருக்கிறது.

விளையாட்டோடு பிறந்த ஆபத்து எது, நிர்வாகத்தின் கவனக்குறைவு எது? இந்த வகை வழக்குகள் எல்லாமே இந்தக் கோட்டில்தான் நிற்கின்றன. மேடு பள்ளத்தில் வண்டி குலுங்கும், சேறு தெறிக்கும், திருப்பத்தில் சறுக்கும், சில நேரம் கவிழும். அதற்காகத்தான் காசு கொடுத்து ஏறுகிறோம். பிரேக் தேய்ந்த வண்டியைக் கொடுப்பது, சின்னப் பிள்ளையைப் பெரிய வண்டியில் ஏற்றுவது, நேற்றைய மழையில் அரித்த பள்ளத்தை மூடாமல் விடுவது, எதிரெதிரே வண்டிகளை அனுப்புவது எல்லாம் விளையாட்டின் பகுதி ஆகாது. அமெரிக்காவில் இந்தக் கோடு மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. வர்ஜீனியா, லூசியானா மாநிலங்களில் உடல் காயத்துக்கு முன்கூட்டியே எழுதி வாங்கும் விலக்கு செல்லாது. கலிஃபோர்னியாவில் சாதாரணக் கவனக்குறைவுக்கு விலக்கு செல்லக்கூடும். மிக மோசமான கவனக்குறைவுக்குச் செல்லாது என்று அங்குள்ள உச்ச நீதிமன்றம் 2007-ல் சொன்னது. இங்கிலாந்து 1977-லேயே சட்டம் போட்டு, தொழில் நடத்துபவரின் கவனக்குறைவால் நேரும் மரணத்துக்கும் காயத்துக்கும் எந்தப் படிவத்தாலும் விலக்கு கேட்க முடியாதென முடித்துவிட்டது.

வண்டியிலேயே ஒட்டியிருக்கும் சாட்சி

ஏலகிரி, ஏற்காடு, கொடைக்கானல், மூணாறு, வாகமண் என்று விடுமுறைக்குக் கிளம்பும் குடும்பங்கள் ஏடிவி பார்க்காமல் திரும்புவது இன்று அபூர்வம். மலையில் மட்டுமல்ல, கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்திலும் ட்ராக்குகள் இருக்கின்றன. கவுன்ட்டரில் காசு கட்டினால் ஒரு சீட்டு. "சார், இந்த டிக்ளரேஷன்ல ஒரு சைன் போட்டுடுங்க." "எதுக்குப்பா?" "சும்மா ஃபார்மாலிட்டிதான் சார்." ஒரு ஹெல்மெட், அரை நிமிட விளக்கம், அவ்வளவுதான். குழந்தையை முன்னால் உட்கார வைத்து அப்பா ஓட்ட, அம்மா செல்போனில் படம் எடுப்பார்.

அடுத்த முறை ஏறும் முன் அந்த வண்டியின் சக்கரத்துக்கு மேலுள்ள மட்கார்டைக் குனிந்து பாருங்கள். பெயர் பெற்ற கம்பெனியின் வண்டியென்றால், சேறு பட்டு மங்கிப்போன ஓர் எச்சரிக்கை ஸ்டிக்கர் அங்கே ஒட்டியிருக்கும். பெரியவர்களுக்கான வண்டியில் அது சொல்வது இதுதான்: 16 வயதுக்கு உட்பட்டவர் ஓட்டக் கூடாது. ஓட்டுபவரைத் தவிர இன்னொருவரை ஏற்றக் கூடாது. தார்ச்சாலையில் ஓட்டக் கூடாது. ஹெல்மெட் இல்லாமலோ குடித்துவிட்டோ ஓட்டக் கூடாது.

அந்த ஸ்டிக்கரின் பின்னால் ஒரு தலைமுறையின் மரணங்கள் இருக்கின்றன. 1970-ல் ஹோண்டா அமெரிக்காவில் மூன்று சக்கர ஏடிவி-யை அறிமுகப்படுத்தியது. பலூன் மாதிரி கொழுத்த டயர், எங்கும் போகும், விளையாட்டு வண்டி என்று பெயர் எடுத்தது. 1980-களில் அது கவிழ்ந்து இறந்தவர்களிலும் முடமானவர்களிலும் சிறுவர்கள் ஏராளம். கடைசியில் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் வழக்குத் தொடுக்க, 1988-ல் ஹோண்டா, யமஹா, சுசுகி, கவாசாகி, போலாரிஸ் ஆகிய கம்பெனிகள் நீதிமன்றத்தில் உடன்பாட்டுக்கு வந்தன. மூன்று சக்கர வண்டி விற்பனை நின்றது. 90 சிசி-க்கு மேற்பட்ட வண்டி 16 வயது நிறையாதவருக்கு இல்லை என்றானது. இத்தனைக்குப் பிறகும் அங்கே ஏடிவி மற்றும் அதன் வகை வண்டிகளால் ஆண்டுக்கு 700-க்கு மேற்பட்டோர் இறக்கிறார்கள், சுமார் ஒரு லட்சம் பேர் காயத்தோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறார்கள் என்கிறது அதே ஆணையம்.

ஏன் இவ்வளவு கவிழ்கிறது? வண்டி உயரமானது, அகலம் குறைவு, எடையோ 200, 300 கிலோ. ஓட்டுபவர் திருப்பத்தில் தன் உடம்பை உள்பக்கம் சாய்த்து எடையை மாற்றிக்கொண்டே இருந்தால்தான் அது நிற்கும். மடியில் குழந்தையோ பின்னால் நண்பரோ இருந்தால் சாய முடியாது. பல வண்டிகளில் பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் ஒரே வேகத்தில் சுற்றுவதால் தார்ச்சாலையில் திருப்பும்போது முரண்டு பிடிக்கும். காற்று குறைத்து ஓட்டும் அந்த டயர்கள் மண்ணுக்கென்று செய்யப்பட்டவை. ஆக்சிலேட்டர் கட்டைவிரலில் அழுத்துவது; பதற்றத்தில் கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கிறவரின் விரல் அதையும் சேர்த்தே அழுத்திவிடும். கவிழ்ந்த வண்டி மார்பின் மேல் விழுந்தால் எலும்பு முறியாமலேயே மூச்சடைத்து உயிர் போகலாம்.

தயாரித்தவரே 'கூடாது' என்று ஒட்டி அனுப்பியதை, வாடகைக்கு விடுபவர் மீறினால், அதற்கு மேல் கவனக்குறைவுக்கு என்ன சாட்சி வேண்டும்? நுகர்வோர் வழக்கில் அந்த ஸ்டிக்கரின் புகைப்படம் வாயால் சொல்லும் பல சாட்சியங்களைவிட வலுவானது.

நம் சட்டம் எங்கே நிற்கிறது?

கரடுமுரடு வண்டி வாடகைக்கென்று தனிச் சட்டம் நம்மிடம் இல்லை. ஆனால், படிவத்தில் கையெழுத்துப் போட்டதாலேயே எல்லாம் முடிந்தது என்ற எண்ணத்துக்கு இந்தியச் சட்டத்தில் ஆதாரமும் இல்லை.

2019-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு கார் திருட்டு வழக்கு இங்கே உதவுகிறது. 1998-ல் டெல்லி தாஜ் மகால் ஹோட்டலுக்கு வந்த ஒருவர் தன் மாருதி ஜென் காரின் சாவியை வாலே பார்க்கிங் ஊழியரிடம் கொடுத்தார். திரும்பி வந்தால் கார் இல்லை. பார்க்கிங் சீட்டில் விருந்தினரின் சொந்தப் பொறுப்பிலேயே நிறுத்தப்படுகிறது என்று அச்சடித்திருந்தது. ஹோட்டல் அதைக் காட்டியது. நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. தன்னுடைய கவனக்குறைவுக்கான பொறுப்பை இப்படி ஒரு வாசகம் போட்டு ஹோட்டல் கழற்றிவிட முடியாது என்றது. அது பொருளை ஒப்படைப்பது பற்றிய சட்டத்தில் வந்த தீர்ப்பு, உடல் காயம் பற்றியதல்ல. ஆனாலும் ஒரு காருக்குக் கிடைத்த பாதுகாப்பு ஒரு குழந்தையின் முதுகெலும்புக்குக் கிடையாது என்று எந்த நீதிபதியும் சொல்லத் தயங்குவார்.

2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'சேவைக் குறைபாடு' என்பதற்குள்ளேயே, கவனக்குறைவால் நுகர்வோருக்கு நேரும் இழப்பையும் காயத்தையும் சேர்த்திருக்கிறது. ஒருதலைப்பட்சமான ஒப்பந்தத்தை நியாயமற்றதென்று மாநில ஆணையத்தில் எதிர்க்கவும் அதே சட்டம் வழி வைத்திருக்கிறது. 1872-ன் ஒப்பந்தச் சட்டத்தில், பொதுநலனுக்கு விரோதமான ஒப்பந்தம் செல்லாது என்கிறது 23-வது பிரிவு. நீதிமன்றம் போகும் உரிமையை அடியோடு தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது 28-வது பிரிவு.

பிள்ளைகள் விஷயத்தில் நம் சட்டம் ஃபுளோரிடாவைவிடப் பழையது, உறுதியானதும்கூட. 18 நிறையாதவர் செய்யும் ஒப்பந்தம் தொடக்கம் முதலே செல்லாது என்று 1903-லேயே பிரிவி கவுன்சில் மோஹரி பீபி வழக்கில் தீர்த்துவிட்டது. 1956-ன் இந்து இளவர், காப்பாளர் சட்டத்தின் 8-வது பிரிவு பிள்ளையின் நலனுக்கானதைச் செய்யவே காப்பாளருக்கு அதிகாரம் தருகிறது; தான் கொடுக்கும் வாக்குறுதியால் பிள்ளையைத் தனிப்பட்ட முறையில் கட்டிப்போட முடியாது என்றும் வெளிப்படையாகச் சொல்கிறது. ரிசார்ட் மேசையில் அப்பா போட்ட கையெழுத்தைக் காட்டிப் பிள்ளையின் இழப்பீட்டை மறுக்க வருபவர்கள் முதலில் இந்தப் பிரிவைத் தாண்டி வரவேண்டும்.

அதற்காக ஓட்டுபவருக்குப் பொறுப்பே இல்லை என்று அர்த்தமில்லை. குடித்துவிட்டு ஏறியவர், கைடு நிறுத்தச் சொல்லியும் பந்தயம் விட்டவர், ஹெல்மெட்டைக் கழற்றி ஹேண்டிலில் மாட்டியவர் ஆகியோரின் இழப்பீட்டில் அவரவர் பங்குக்கு வெட்டு விழும். அது நியாயமும்கூட.

ஜீப்புக்கு ஒரு வழி, ஏடிவி-க்கு வேறு வழி

இரண்டும் மண்ணில்தான் ஓடுகின்றன. ஆனால், விபத்துக்குப் பிறகு குடும்பம் போக வேண்டிய கதவு வேறு வேறு. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப் பதிவு எண் கொண்ட மோட்டார் வாகனம். கவிழ்ந்தால் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போடலாம். அதற்குக் கட்டாயக் காப்பீடும் உண்டு. சிக்கல் எங்கே வருகிறதென்றால், சொந்த உபயோகத்துக்கான வெள்ளை நம்பர் பிளேட் ஜீப்பில் ஆளுக்கு இவ்வளவு என்று வசூலித்து ஏற்றும்போது. விபத்து நடந்ததும் 'வாடகைக்கு ஓட்ட பாலிசி இல்லை' என்று காப்பீட்டு நிறுவனம் கை விரிக்கும். ஏறும் முன் நம்பர் பிளேட் மஞ்சளா என்று பார்ப்பது அதனால்தான்.

ஏடிவி-க்குப் பெரும்பாலும் பதிவு எண்ணே கிடையாது. அடைத்த வளாகத்துக்குள் மட்டும் ஓட்டுவதற்கென்றே அமைந்த சிறப்பு வகை வண்டிகளை 'மோட்டார் வாகனம்' என்ற விளக்கத்திலிருந்தே சட்டம் விலக்கியிருக்கிறது. கட்டாயக் காப்பீடும் பொது இடத்தில் ஓடும் வண்டிக்குத்தான். ஆகவே, தனியார் ட்ராக்கில் ஓடும் ஏடிவி-க்குக் காப்பீடு இருப்பதும் இல்லாததும் முதலாளியின் மனசாட்சியைப் பொறுத்தது. 1991-ன் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டமும் உதவாது. அது அபாயகரமான ரசாயனம் போன்ற பொருட்களைக் கையாளும் இடங்களுக்கானது. நம் சொந்த விபத்துக் காப்பீட்டு பாலிசியை எடுத்துப் பார்த்தால், சாகச விளையாட்டுகளுக்குப் பொருந்தாது என்று அதிலும் ஒரு வரி இருக்கலாம்.

எனவே ஏடிவி-யில் அடிபட்டவருக்கு முக்கியமான கதவு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். இதில் பலருக்கும் தெரியாத ஒரு நன்மை உண்டு. எந்த ஆணையத்துக்குப் போவது என்பது நாம் கேட்கும் இழப்பீட்டைப் பொறுத்ததல்ல, சேவைக்குக் கட்டிய பணத்தைப் பொறுத்தது. 50 லட்சம் ரூபாய் வரை கட்டணம் என்றால் மாவட்ட ஆணையமே போதும். சில நூறு ரூபாய் டிக்கெட்டுக்கு ஏறி இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர், கோடி ரூபாய் கேட்டும் தன் மாவட்டத்திலேயே மனு போடலாம். கட்டிய பணம் 5 லட்சத்துக்கு உட்பட்டதென்றால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. விபத்து நடந்த மலைக்கு ஓட வேண்டாம். குடியிருக்கும் ஊரிலேயே தொடுக்கலாம். இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

'ஏடிவி எங்களுடையது இல்லை, வெண்டருடையது' என்று ரிசார்ட் சொல்லும். பேக்கேஜில் சேர்த்து விற்று, பணமும் அவர்களே வாங்கியிருந்தால் அந்தப் பேச்சு எடுபடுவது கடினம். இருவரையும் எதிர்மனுதாரராகச் சேர்ப்பதுதான் வழக்கறிஞர்கள் செய்வது. வண்டியிலேயே கோளாறு என்றால், தயாரிப்பாளரையும் இழுக்க அதே சட்டத்தில் தனி அத்தியாயம் இருக்கிறது. இதெல்லாம் இழப்பீட்டு வழி. கவனக்குறைவால் மரணம் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா 106-வது பிரிவிலும், காயமென்றால் 125-வது பிரிவிலும் போலீஸ் வழக்குத் தனியாக நடக்கும்.

முதல் 24 மணி நேரம்

சட்டம் பக்கத்தில் நின்றும் குடும்பங்கள் தோற்கும் இடம் ஒன்று உண்டு. அது ஆஸ்பத்திரி வாசல்.

அடிபட்டவரைத் தூக்கி வந்த ரிசார்ட் ஊழியர் காதோடு சொல்வார்: "தானா விழுந்துட்டார்னு சொல்லிடுங்கக்கா. போலீஸ் கேஸ்னா ட்ரீட்மென்ட் லேட்டாகும்." பதற்றத்தில் அந்த அக்காவும் அதையே சொல்வார். ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) 'தவறி விழுந்ததால் காயம்' என்று ஏறிவிடும். பின்னால் எத்தனை மனு போட்டாலும் அந்த ஏ.ஆர். காப்பியைத்தான் எதிர்த்தரப்பு முதலில் நீட்டும். இன்ன இடத்தில், இன்னார் நடத்தும் ட்ராக்கில், ஏடிவி கவிழ்ந்து காயம் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிப் பதிய வைக்க வேண்டும். போலீஸ் வழக்கென்றாலும் உயிர் காக்கும் சிகிச்சையைத் தாமதிக்கக் கூடாது என்று 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று.

மறுநாள் காலையில் பள்ளம் மூடப்பட்டிருக்கும். வண்டி ஒர்க்‌ஷாப் போயிருக்கும், பிரேக் மாற்றப்பட்டிருக்கும். சிசிடிவி பதிவு சில நாளில் தானாக அழிந்துவிடும். எனவே கூட வந்தவர்களில் ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் அங்கேயே நின்று, வண்டியை நாலு பக்கமும், ஸ்டிக்கரை, டயரை, ட்ராக்கை, ஹெல்மெட்டைப் படம் எடுக்க வேண்டும். உயிருக்குப் போராடும்போது படம் எடுப்பதா என்று மனம் கூசும். கூசினாலும் எடுங்கள். டிக்கெட், ஜிபே ரசீது, கையெழுத்துப் போட்ட படிவத்தின் நகல், பக்கத்தில் ஓட்டிக்கொண்டிருந்த வேறு குடும்பத்தின் செல் நம்பர் எல்லாம் வேண்டும். சிசிடிவி-யை அழிக்காதே என்று அன்றே நிர்வாகத்துக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தியாவது போக வேண்டும்.

டிக்கெட்டின் பின்புறம்

மத்திய சுற்றுலா அமைச்சகமும் சாகசச் சுற்றுலா நடத்துவோர் சங்கமும் சேர்ந்து 2018-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் ஏடிவி-க்கென்று தனிப் பகுதியே உண்டு. தமிழ்நாடு சுற்றுலாத் துறையும் சாகசச் சுற்றுலா நடத்துவோர் பதிவு செய்துகொள்ளத் திட்டம் வைத்திருக்கிறது. வழிகாட்டு நெறிக்கும் கட்டாயச் சட்டத்துக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்பதைத் தமிழகம் ஒருமுறை பார்த்திருக்கிறது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ இருபதுக்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்களைக் கொன்ற பிறகுதான் மலையேற்றத்துக்கு மாநில அரசு விதிகள் வகுத்தது. ஏடிவி விபத்துகளில் ஒரே நாளில் இத்தனை பேர் சாக மாட்டார்கள். ஒருவர் இங்கே, ஒருவர் அங்கே என்று முடமாவார்கள். அதனால் அது தலைப்புச் செய்தியாவதில்லை, அரசாணையும் வருவதில்லை.

நுகர்வோர் ஆணையத்தில் வென்ற குடும்பமும் உத்தரவை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? குத்தகை நிலத்தில் நாலு வண்டி வைத்துத் தொழில் நடத்தியவர், கடையைக் கட்டிக்கொண்டு வேறு பெயரில் வேறு மலைக்குப் போய்விட்டால் கோடி ரூபாய் உத்தரவும் காகிதம்தான். பணம் கிடைப்பதை உறுதிசெய்வது காப்பீடு ஒன்றே. அது வந்தால் இன்னொரு நன்மையும் தானே வரும்: பிரீமியத்தைக் குறைக்கவேனும் முதலாளி பிரேக்கைச் சோதிப்பார், 10 வயதுப் பிள்ளையைப் பெரிய வண்டியில் ஏற்ற மாட்டார்.

இதற்குச் சட்டமன்றத்தில் பெரிய மசோதா தேவையில்லை. பொதுப் பொறுப்புக் காப்பீடு இல்லாத தளத்துக்குப் பதிவு இல்லை. பதிவு இல்லாமல் சவாரி இல்லை. நடக்கும் ஒவ்வொரு விபத்தையும் பதிவேட்டில் எழுதி மாவட்டச் சுற்றுலா அலுவலருக்கு அனுப்ப வேண்டும் என்று முதலில் ஓர் அரசாணை வரட்டும். டிக்கெட்டின் பின்புறம் 'விபத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்று அச்சிட இன்று இடம் இருக்கிறது. அதே இடத்தில் காப்பீட்டு நிறுவனத்தின் பெயரையும் பாலிசி எண்ணையும் அச்சிட வேண்டும் என்று அந்த ஆணையில் ஒரு வரி சேர்க்க வேண்டும், ஃபுளோரிடாவில் செய்ததுபோல எழுத்தின் அளவையும் குறிப்பிட்டு.